மாண்டிசோரி அம்மையார்

செங்கற்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே, பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் செல்லும் வழியில் அமைந்த ஊர் படாளம். வேடந்தாங்கலுக்குப் பறவைகளைக் காணச் செல்வோர் பலர் இவ்வூரில்தான் பெருஞ்சாலையை விட்டுத் திரும்புவர். சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற இவ்வூரின் புகைவண்டி நிலையத்தில், தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை மனக்கண்ணால் காண்போம். அதன் எதிரே ஊர்ப்பெயர் எழுதிய பலகை நிற்கிறது. குழந்தை ப, டா, ள, ம் என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்க்கிறது. கடைசி எழுத்தை அடைவதற்குள் முதலெழுத்து மறந்துபோகிறது. மீண்டும் தொடங்குகிறது. சில நாள் கழித்து அதே இடத்திற்கு வரும்போது, பலகையைக் கண்டவுடனே ஊரின் பெயரைச் சொல்லிவிடுகிறது. இப்போது அதற்கு எழுத்துக் கூட்ட வேண்டிய தேவையில்லை. நண்பனின் முகத்தைக் கண்டதும் அவன் பெயர் நாவில் வருவதுபோல, சொல்லின் முகத்தைக் கண்டதும் அதன் ஒலியும் பொருளும் தாமே வந்துவிடுகின்றன.

கண்டவுடன் சொல்லை அறியும் இத்திறமை படிப்புக்கு இன்றியமையாதது. எனினும் தோற்றத்தை மட்டும் மனத்திற் கொண்டு, எழுத்தை அறியாத குழந்தை, படாளத்தைப் பட்டாளம் என்று படித்துவிடும். படத்தையும் பாடத்தையும் ஒன்றாகக் கொள்ளும். எனவே எழுத்தை ஐயமின்றி அறிதல், சொல்லை விரைந்து அறிதல் ஆகிய இரண்டும் வேண்டும். இரண்டுக்கும் பலமுறை பழகுதல் வேண்டும். பலமுறை பழகு என்றாலோ குழந்தை சோர்ந்துவிடுகிறது. இச்சிக்கலை எவ்வாறு தீர்ப்பது? அடியும் அதட்டலும் இன்றி, விளையாட்டினாலேயே இதனைத் தீர்க்கலாம் என்று செய்து காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டில் பிறந்து, நம் சென்னை அடையாற்றில் பல ஆண்டுகள் வாழ்ந்து, ஆசிரியர்கட்கு ஆசிரியராக விளங்கிய அப்பெருமாட்டியின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் கல்வியும்

மாண்டிசோரி அம்மையார் இத்தாலியில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அரசாங்க அலுவலர். பழைய வழக்கங்களில் பற்றுடையவர். தாயார் நூல்களைப் படிப்பதில் பெருவிருப்பமுடையவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் உரோமாபுரியில் குடியேறியது.

அக்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் உயர்கல்வி பயில்வதே அரிது. பயின்றாலும் ஆசிரியப் பணி ஒன்றே அவர்கட்கு ஏற்றதெனப் பெரியோர் கருதினர். மரியாவோ முதலில் பொறியியலை விரும்பிக் கணிதம் கற்றார். பின்னர் மருத்துவம் பயிலத் துணிந்தார். தந்தையாருக்கு இது சிறிதும் உவப்பாக இல்லை. தாயார் மட்டுமே துணை நின்றார். கல்லூரியிலும் இடையூறுகள் பல இருந்தன. பிணத்தை அறுத்து உடற்கூறு அறியும் பயிற்சியில் ஆண் மாணவர்களுடன் ஒரு பெண் நிற்பது முறையன்று என்றனர். ஆதலால் ஏனையோர் சென்ற பின்னர், அவர் தனியே அப்பயிற்சியைச் செய்ய நேர்ந்தது. எவற்றுக்கும் தளராது பயின்று, 1896ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டத்தைப் பெற்ற முதற்சில பெண்களுள் அவரும் ஒருவர்.

நோய் நாடியவர் கல்வி நாடினார்

மருத்துவரான மரியாவின் பணி அவரை உரோமாபுரியின் மனநோய் மருத்துவமனைகளுக்கு இட்டுச் சென்றது. அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர்களையும் மனநோயாளிகளுடன் ஒருங்கே அடைத்து வைத்திருந்தனர். வெறுமையான அறை, தொட்டுப் பார்க்கவோ எடுத்து விளையாடவோ அங்கே ஒரு பொருளும் இல்லை. உணவு முடிந்ததும் அச்சிறுவர்கள் தரையிற் சிந்திய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி விளையாடினர். காவல் செய்தவர்கள் அதனைப் பெருந்தீனி ஆசை என்று இகழ்ந்தனர். அம்மையாரின் கண்ணுக்கோ வேறொன்று புலப்பட்டது. அப்பிள்ளைகளின் வயிறு பசிக்கவில்லை. அவர்கள் கைகளே பசித்திருந்தன. கையால் தொட்டு, உருட்டி, அடுக்கி உலகத்தை அறிய வேண்டிய பருவத்தில் அவர்கட்கு அதற்கான பொருளே அளிக்கப்படவில்லை என்று அவர் உணர்ந்தார்.

இதார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் இத்தகைய குழந்தைகளுக்காக எழுதிய நூல்களை அவர் தேடிப் பயின்றார். 1900ஆம் ஆண்டு தொடங்கி இரண்டாண்டுக் காலம், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகட்கான பயிற்சி நிலையமொன்றில் பகலெல்லாம் கற்பித்தார். இரவில் அன்றன்று கண்டவற்றைக் குறித்து வைத்தார். மரத்தால் செய்த பெரிய எழுத்துகளைத் தடவச் செய்து எழுத்தறிவித்தார். எதற்கும் பயன்படாதவர் என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் சிலர், பொதுப் பள்ளி மாணவர்க்குரிய தேர்வில் எழுதவும் படிக்கவும் செய்து தேறினர்.

கண்டோர் வியந்து பாராட்டினர். அம்மையாரின் மனமோ வேறொரு கேள்வியில் ஆழ்ந்தது. குறைபாடுடைய பிள்ளைகள் நல்ல முறையால் இவ்வளவு உயர முடியுமானால், குறைபாடற்ற பிள்ளைகள் ஏன் அவர்கள் அளவிலேயே நின்றுவிடுகின்றனர்? அவர்களைத் தடுத்து நிறுத்துவது எது? இக்கேள்விக்கு விடை காண அவர் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

குழந்தைகள் இல்லம்

உரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் பகுதியில் ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்து வந்தனர். அங்கிருந்த பழைய கட்டடங்களை ஒரு நிறுவனம் செப்பனிட்டு அவர்கட்குக் குடியிருப்புகளாக அளித்தது. பெற்றோர் விடியற்காலையில் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளிப் பருவம் எய்தாத பிள்ளைகள் காப்பாரின்றி மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் வைத்துக் காக்கும் பொறுப்பை ஏற்கும்படி அந்நிறுவனத்தார் மாண்டிசோரி அம்மையாரை வேண்டினர். அவர்கள் வேண்டியது சுவர்களின் பாதுகாப்பு. அம்மையார் கண்டது குழந்தைகளின் எதிர்காலம்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லம் அங்கே திறக்கப்பெற்றது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள் கூடினர். பலர் அழுதனர், பலர் அஞ்சி ஒடுங்கி நின்றனர். கற்பிக்க வந்தவரும் ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண்ணே. ஆயினும் அம்மையார் அமைத்துத் தந்த பொருள்கள் குழந்தைகளைத் தம்பால் ஈர்த்தன.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள குழிகளில் அவற்றிற்கேற்ற உருளைகளைப் பொருத்திக் கொண்டிருந்தாள். பொருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் தொடங்கினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றிப் பாடச் சொன்னார். சிறுமி தலை நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கட்டையை மடியில் அணைத்துக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்த பின்னர், உறங்கி எழுந்தவள்போல் புன்முறுவலுடன் தானே நிறுத்தினாள். அவளிடம் சோர்வு சிறிதும் இல்லை.

அன்று அம்மையார் ஓர் உண்மையைக் கண்டார். பிறர் ஏவலால் செய்யும் திருப்புதல் குழந்தைக்குச் சுமையாகிறது. தானே விரும்பிச் செய்யும் திருப்புதலோ அதற்கு இன்பமாகிறது. ஆதலால் ஆசிரியர் செய்ய வேண்டுவது, மீண்டும் செய் என்று அதட்டுவதன்று. மீண்டும் செய்யத் தூண்டும் பொருளையும் விளையாட்டையும் அமைத்துத் தருவதே ஆகும்.

எழுத்துகள் வந்த கதை

தொடக்கத்தில் இச்சிறு குழந்தைகட்கு எழுத்தறிவிக்கும் எண்ணம் அம்மையாருக்கு இல்லை. ஆறு வயதிற்கு முன் அது தகாது என்றே அக்காலத்தார் கருதினர்; அம்மையாரும் அவ்வாறே எண்ணியிருந்தார். எழுதப் படிக்க அறியாத தாய்மார்கள் அவரை அணுகி, தம் பிள்ளைகட்கு எழுத்துக் கற்பிக்குமாறு மன்றாடினர். தமக்குக் கிட்டாத செல்வம் தம் மக்களுக்கேனும் கிட்ட வேண்டும் என்பதே அவர்களின் வேட்கை. அதனை அம்மையாரால் மறுக்க இயலவில்லை.

முன்னர்ப் பயன்படுத்தியவை போன்ற அழகிய மர எழுத்துகளைச் செய்து தரத் தச்சர் எவரும் கிடைக்கவில்லை. ஆகவே அவரும் அவருடைய உதவியாளரும் உப்புத்தாளை எழுத்து வடிவமாக வெட்டி, வழவழப்பான அட்டைகளில் ஒட்டினர். வேறு அட்டைகளை எழுத்துகளாக வெட்டி, எடுத்து அடுக்கத்தக்கவாறு பெட்டியில் வைத்தனர். இல்லாமையால் பிறந்த இவ்வெழுத்துகள் மர எழுத்துகளினும் சிறந்தவையாக அமைந்தன. உப்புத்தாளின் சொரசொரப்பு விரலுக்கு வழி காட்டியது. விரல் அட்டையின் வழவழப்பில் வழுக்கினால், தவறு செய்துவிட்டோம் என்பதைக் குழந்தை தானே உணர்ந்தது.

பாடம் மூன்று படிகளாக நடந்தது. முதற்படியில் ஆசிரியை குழந்தையின் விரலை எழுத்தின்மேல் நடத்தி, அதன் ஒலியைத் தெளிவாகச் சொல்வார். இரண்டாம் படியில் இரண்டு மூன்று எழுத்துகளை முன்வைத்து, ஒலியைச் சொல்லி அதற்குரிய எழுத்தை எடுத்துத் தரச் சொல்வார். மூன்றாம் படியில் எழுத்தைக் காட்டி அதன் ஒலியைக் கேட்பார். குழந்தை தவறினால் கடிந்துகொள்ளமாட்டார். திருத்தி வருத்தவும் மாட்டார். அன்றைய பாடத்தை அவ்வளவில் நிறுத்தி, மற்றொரு நாள் முதற்படியிலிருந்து மகிழ்ச்சியோடு தொடங்குவார். காட்டல், கண்டுபிடித்தல், நினைவுகூர்தல் என்னும் இம்மூன்று படிகளும் இன்றும் குழந்தைக் கல்வியில் போற்றப்படுகின்றன. கேட்டதை அடையாளம் காண்பது எளிது. உதவியின்றி நினைவிற்குக் கொணர்வது அரிது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் ஏணியாக இம்முறை அமைந்துள்ளது.

அவ்வாண்டு திசம்பர்த் திங்களில் ஒருநாள், இளவெயில் வீசும் வேளையில் அம்மையார் குழந்தைகளுடன் மொட்டைமாடியில் அமர்ந்திருந்தார். ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, அருகிலிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் வரைந்தான். அம்மையார் பாராட்டினார். திடீரென அவன் முகம் மலர்ந்தது. தன்னால் எழுத முடியும் என்று கூவிக்கொண்டே, தரையில் கை என்னும் சொல்லை எழுதினான். பின்னர்ப் புகைபோக்கி என்றும், கூரை என்றும் தன் மொழியில் எழுதினான். அதுவரை எவரும் அவனுக்கு ஒரு சொல்லைக்கூட எழுதக் கற்பித்ததில்லை. எழுத்தின் வடிவம் விரலிலும், ஒலி செவியிலும், சொல் நெஞ்சிலும் முன்பே நிறைந்திருந்தன. அன்று அவை ஒன்றுகூடின. அவனைக் கண்ட பிற குழந்தைகளும் சுண்ணக்கட்டி கேட்டு ஓடிவந்தனர். ஏழைக் குடியிருப்பின் தரையும் கதவும் எழுத்துகளால் நிறைந்தன.

சொல் விளையாட்டு

எழுதத் தெரிந்த குழந்தைக்கு உடனே படிக்கவும் வந்துவிடும் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறன்று. தான் அறிந்த சொல்லை எழுத்தாக்குவது எழுதுதல். பிறர் எழுதியதிலிருந்து அறியாத சொல்லைக் கண்டுபிடிப்பது படித்தல். எனவே படிப்புக்கெனத் தனியே ஒரு விளையாட்டை அம்மையார் அமைத்தார்.

குழந்தை நன்கு அறிந்த பொருளொன்றின் பெயரைச் சிறு சீட்டில் தெளிவாக எழுதுவார். அப்பொருளும் எதிரே இருக்கும். குழந்தை சீட்டை எடுத்து ஒவ்வோர் ஒலியாக மெல்லப் படிக்கும். ஒலிகள் சரியாக இருப்பின், இன்னும் விரைவாக என்று மட்டும் ஆசிரியை சொல்வார். குழந்தை இரண்டாம் முறை படிக்கும். மூன்றாம் முறை படிக்கும். ஒலிகள் நெருங்கி நெருங்கி வந்து, ஒரு கணத்தில் முழுச்சொல்லாக மலரும். சொல்லை அறிந்த குழந்தையின் முகமும் மலரும். உடனே சீட்டைப் பொருளின் அருகில் வைத்துவிட்டு அடுத்த சீட்டை நாடும்.

பின்னர் அவர் பொம்மைகள் பலவற்றை மேசையில் பரப்பி, அவற்றின் பெயரெழுதிய சீட்டுகளை மடித்துக் கூடையில் இட்டார். குழந்தை ஒரு சீட்டை எடுத்து மனத்துக்குள் படிக்க வேண்டும். மேசைக்குச் சென்று பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அப்பொம்மையை வைத்து விரும்பும் வரை விளையாடலாம். ஏழைக் குழந்தைகட்கு அத்தகைய பொம்மைகள் கனவிலும் கிட்டாதவை. அவர்கள் பொம்மைகளுக்காகவே படிப்பார்கள் என்று அம்மையார் எதிர்பார்த்தார். நடந்ததோ வேறு. படிக்கத் தெரிந்த குழந்தைகள் பொம்மைகளைப் பொருட்படுத்தவில்லை. ஒரு சீட்டைப் படித்ததும் மற்றொன்றை எடுக்கவே விரைந்தனர். பரிசாக வைத்த விளையாட்டுப் பொருள் தோற்றது. படிப்பே விளையாட்டாக வென்றது.

அதன்பின் செயல்களைக் கூறும் சீட்டுகள் வந்தன. ஒரு செயலைச் செய்யுமாறு சீட்டில் எழுதியிருக்கும். குழந்தை அதனை வாய்விடாது படித்து, அச்செயலைச் செய்து காட்டும். படித்ததன் பொருளை அது உணர்ந்ததா என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. குழந்தைகள் தெருவில் செல்லும்போது கடைப்பலகைகளின்முன் நின்று படிக்கலாயினர். வேலையாக விரையும் தாய்மார்கள் அவர்களுக்காகக் காத்து நின்றனர். ஒருநாள் ஒரு சிறுவன் கசங்கி அழுக்கேறிய தாளொன்றைப் பொன்போல மறைத்துக் கொணர்ந்தான். அது வெறுங் கிழிந்த தாள் என்று தோழன் இகழ்ந்தான். அவனோ அதற்குள் ஒரு கதை இருப்பதாகப் பெருமையுடன் கூறினான். குப்பையில் கிடந்த தாளிலும் கதை உண்டு என்று அறிந்த அந்நாள், அவ்வில்லத்தின் வரலாற்றில் ஒரு திருநாள் ஆகும்.

உலகப் புகழும் எதிர்ப்பும்

1909ஆம் ஆண்டு அம்மையார் தம் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அவரை நாடி வந்தனர். 1931ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டிற்கு இலண்டன் சென்றிருந்த காந்தியடிகள் அவரைச் சந்தித்து, குழந்தைகளிடமிருந்தே உலக அமைதி தொடங்க வேண்டும் என்னும் கருத்தில் அவருடன் ஒன்றுபட்டார்.

ஆனால் குழந்தைகளைச் சிந்திக்கப் பழக்குபவரைக் கொடுங்கோலர் நெடுநாள் பொறுப்பதில்லை. இத்தாலியில் முசோலினி முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தார். பின்னர்ப் பள்ளிகளைத் தம் கட்சியின் கருவியாக்க முற்பட்டார். அதற்கு உடன்படாத அம்மையார் 1934ஆம் ஆண்டு தாய்நாட்டை விட்டு வெளியேறினார். அவருடைய பள்ளிகளும் மூடப்பட்டன. செருமனியிலும் இட்லரின் ஆட்சியில் மாண்டிசோரிப் பள்ளிகள் மூடப்பட்டன. சுபெயின் நாட்டில் தங்கியிருந்தபோது 1936ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் வெளியேறி, ஆலந்து நாட்டை அடைந்தார். அறுபத்தாறு வயதில் அம்மையாருக்கு நாடும் இல்லை, வீடும் இல்லை.

அடையாற்றில் அம்மையார்

அந்நிலையில் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அவரை இந்தியாவிற்கு அழைத்தார். 1939ஆம் ஆண்டு இறுதியில் அம்மையார் தம் மகன் மாரியோவுடன் அடையாறு வந்து சேர்ந்தார். ஆற்றின் கழிமுகமும் கடற்காற்றும் ஆலமர நிழலும் சூழ்ந்த அவ்விடத்தில், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெறக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் சொற்பொழிவாற்றினார். மாரியோ அதனை உடனுக்குடன் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

சில திங்கள் தங்கித் திரும்புவதே அவர்கள் கருத்து. 1940ஆம் ஆண்டு சூன் திங்களில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இந்தியாவிலிருந்த இத்தாலியர் பகைவராகக் கருதப்பட்டனர். மாரியோ அகமத்நகரில் சிறைவைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியேறலாகாது என ஆணை பிறந்தது. முசோலினியால் நாட்டை இழந்தவர், முசோலினியின் நாட்டவர் என்பதற்காகவே காவலில் வைக்கப்பட்டார்! அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அதனை முன்னிட்டு அரசப் பிரதிநிதி மாரியோவை விடுவித்துத் தாயிடம் சேர்ப்பித்தார். அம்முதிய அன்னைக்கு அதனினும் பெரிய பிறந்தநாள் பரிசு வேறென்ன இருத்தல் கூடும்?

போர்க்காலத்தில் இரண்டாண்டுகள் கொடைக்கானல் மலையிலும் அம்மையார் வாழ்ந்தார். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒருங்கே கூடிக் கற்றனர். பூவும் இலையும் பூச்சியும் அவர்கட்குப் பாடமாயின. 1944ஆம் ஆண்டு இலங்கைக்குச் சென்றும் ஆசிரியர்கட்குப் பயிற்சி அளித்தார். 1946ஆம் ஆண்டு ஐரோப்பா திரும்பிய அவர், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். இந்நாட்டில் அவரிடம் பயின்ற ஆசிரியர் ஆயிரவர்க்கும் மேற்பட்டோர். அகமதாபாத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உருவான புகழ்பெற்ற நூலொன்று 1949ஆம் ஆண்டு அடையாற்றில் வெளிவந்தது. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சூழலிலுள்ளவற்றை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையை அந்நூல் விளக்குகிறது. பல மொழி பேசும் நம் நாட்டில் குழந்தைகளுடன் பழகிய காலத்தின் பயனும் அந்நூலில் சேர்ந்துள்ளது.

அம்மையார் 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஆலந்து நாட்டின் கடற்கரை ஊராகிய நூர்ட்வைக்கில் உயிர் நீத்தார். அவர் பிறந்த நூற்றாண்டு நிறைவையொட்டி 1970ஆம் ஆண்டு இந்திய அரசு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.

தமிழ்க் குழந்தையும் சொல்லும்

அம்மையாரின் உப்புத்தாள் எழுத்து நம் தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதியே அரிச்சுவடி கற்றனர். அவ்வழக்கத்தைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் சென்னை எழும்பூரில் தாம் நடத்திய அநாதைப் பள்ளியில் அதனைக் கையாண்டு, 1797ஆம் ஆண்டு நூல் வாயிலாக இங்கிலாந்திற்கும் அறிவித்தார். விரலால் அறிந்த எழுத்து விரைவில் மறவாது என்பதை நம் முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். திண்ணைப் பள்ளியில் இல்லாதது ஒன்றே: பிள்ளையைப் பிரம்பின் அச்சமின்றிக் கற்கவிடும் பொறுமை. அதனை அம்மையார் சேர்த்தளித்தார்.

ஒவ்வொரு மொழியும் குழந்தைக்கு ஒவ்வொரு வகையான வேலையைத் தருகிறது. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாத சொற்கள் மிகுதி. அவற்றை எழுத்துக் கூட்டி அறிய இயலாது. பார்த்துப் பழகியே அறிதல் வேண்டும். எட்வர்டு டால்ச் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1936ஆம் ஆண்டு, குழந்தைகளின் நூல்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைத் தொகுத்து, பார்த்தவுடன் அறிய வேண்டியவை என்று பட்டியலிட்டார். தமிழிலோ எழுத்துகள் 247. ஆனால் உயிர் 12, மெய் 18 ஆகியவற்றின் கூட்டுறவை அறிந்த குழந்தை பெரும்பாலான சொற்களை எழுத்துக் கூட்டியே படித்துவிடும். கடல், அகம், தங்கம் என்னும் சொற்களில் ககரம் வெவ்வேறாக ஒலிப்பதைப் போன்ற நுட்பங்களைப் பழக்கம் கற்பித்துவிடும். எனவே தமிழ்க் குழந்தைக்கு எழுத்தை ஒதுக்கிவிட்டுச் சொல்லுருவை மட்டும் காட்டுதல் பொருந்தாது; எழுத்தோடு நின்று சொல்லை மறப்பதும் பொருந்தாது. எழுத்தின் வழியே சொல்லை அடைந்து, சொல்லை விளையாட்டால் விரைவாக்குதலே தக்க வழி.

மாண்டிசோரி முறை பொருட்செலவு மிக்கது, செல்வர் பிள்ளைகட்கே உரியது என்று சிலர் எண்ணுவர். அம்முறை பிறந்ததோ தொழிலாளர் குடியிருப்பில். அதன் சிறந்த கருவி பிறந்ததோ மர எழுத்துகள் கிட்டாத இடர்ப்பாட்டில். 2003ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், பின்னர்த் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும், அட்டைகளைக் கொண்டு பிள்ளைகள் தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கல்வி பரவியபோது, அம்மையாரின் கருத்துகளும் அதற்கு உரமாக இருந்தன.

மாணவர்களே! உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பள்ளி செல்லாத சிறு தம்பியோ தங்கையோ இருக்கலாம். பழைய திருமண அழைப்பிதழின் வெற்றுப் பக்கத்தைச் சிறு அட்டைகளாக வெட்டுங்கள். குழந்தைக்குத் தெரிந்த எழுத்துகளால் அமைந்த குடம், படம், மரம் போன்ற மூன்று சொற்களைப் பெரிதாக எழுதுங்கள். முதலில் சொல்லிக் காட்டுங்கள்; அடுத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்; கடைசியில் படிக்கச் சொல்லுங்கள். அட்டையை உரிய பொருளின் அருகில் ஓடிச் சென்று வைக்கும் விளையாட்டை ஆடுங்கள். குழந்தை தவறினால் சிரிக்காதீர்கள். சோரும் முன்னரே நிறுத்திவிடுங்கள். மறுநாள் பழைய மூன்றுடன் புதிதாக ஒன்றை மட்டும் சேருங்கள்.

ஒருநாள் அக்குழந்தை உங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்து, எழுத்துக் கூட்டாமலே அதன் பெயரைச் சொல்லும். சான் லொரென்சோவின் மொட்டைமாடியில் அச்சிறுவன் அடைந்த மகிழ்ச்சி அன்று உங்கள் வீட்டிலும் பிறக்கும். மாண்டிசோரி அம்மையார்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே ஆகும்.